ஃப்ரீஸ் அழுத்தும்போது மணி மூன்று: அது தாமத டெண்டரா, போடாத டெண்டரா?

வாய்க்கால்மேடு – கேள்வி

தமிழ்நாடு அரசின் இ-டெண்டர் தளம், என்.ஐ.சி.யின் (மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம்) ஜெப்னிக் மென்பொருள். தொழில்நுட்பத் தகுதிக்கு ஒன்று, விலைக்கு ஒன்று என இரண்டு கவர் முறையில் ஒரு சாலைப் பணி, மதிப்பு 2 கோடி ரூபாய்க்கு மேல். கடைசி நேரம் பிற்பகல் 3:00. ஒப்பந்ததாரர் தரப்பில் நடந்த வரிசை:

2:31-க்கு நெட் பேங்கிங்கில் இ.எம்.டி. (டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை) கட்டியாயிற்று. கணக்கில் பணம் கழிந்தது, தளத்திலும் ‘வெற்றி’ என்று வந்தது. 2:49-க்குத் தொழில்நுட்ப கவரின் பி.டி.எஃப். எல்லாம் ஏறின. 2:57-க்கு பி.ஓ.க்யூ. (வேலை அளவும் விலையும் உள்ள பட்டியல்) எக்செல் ஏறியது. 2:59-க்கு, டெண்டரை இறுதியாகச் சமர்ப்பிக்கும் ‘ஃப்ரீஸ் பிட்’ பொத்தானை அழுத்தியதும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. 3:00 தாண்டியதும் நேரம் முடிந்தது என்ற செய்தி. பிட் நம்பர் வரவில்லை, ஒப்புகையும் வரவில்லை.

மறுநாள் தொழில்நுட்ப கவர் திறந்தபோது பட்டியலில் பெயரே இல்லை. “உங்கள் டெண்டர் எங்களுக்கு வரவில்லை” என்கிறது அலுவலகம். விலைக் கவர் இன்னும் திறக்கவில்லை.

கேட்க வேண்டியவை மூன்று. ஆவணம் முழுவதும் 2:57-க்கே சர்வருக்குள் போய்விட்டது. அதை ‘பெறப்பட்டது’ என்று வாதிட இடம் உண்டா? மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள்? கட்டிய இ.எம்.டி. என்ன ஆகும்?

சர்வர்மணி

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம் சார். இது தாமத டெண்டர் இல்லை. காகித காலத்தில்தான் அப்படி ஒன்று இருந்தது. பெட்டியை மூடி அரக்கு வைத்த பிறகு 3:05-க்கு ஒருவர் கவரோடு வந்து நிற்பார். கவரைப் பிரிக்காமல் மேலே ‘தாமதம்’ என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்திட்டுத் திருப்பித் தருவார்கள். அங்கே கையில் ஒரு கவர் இருந்தது, மறுத்தவர் கையெழுத்தும் இருந்தது. ஜெப்னிக்கில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஃப்ரீஸ் ஆகாத பிட், திறக்கும் அதிகாரியின் திரையில் வரவே வராது. அவர் உங்களை நிராகரிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை நீங்கள் கலந்துகொள்ளவே இல்லை. நிராகரிப்பு உத்தரவு என்று ஒரு தாள் பிறக்காது என்பதால்தான் மேல்முறையீட்டிலும் சிக்கல் வருகிறது. அதைச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் தளத்தின் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஆவணத்தை ஏற்றுவது வேறு, டெண்டர் போடுவது வேறு. ஏற்றிய கோப்புகள் உங்கள் டி.எஸ்.சி.யால் (மின்னணுக் கையெழுத்துச் சான்றிதழ்) கையெழுத்தாகி, திறக்கும் அதிகாரிகளின் சாவியால் பூட்டப்பட்டு சர்வரில் கிடக்கும். அந்த நிலையில் அது வரைவுதான். ஃப்ரீஸ் ஆன பிறகு வரும் பக்கத்தில்தான் பிட் நம்பர், தேதி, நேரம் எல்லாம் இருக்கும். தளத்தின் அறிவுரைப் பக்கத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள்: நேரத்துக்கு அடையாளம் உங்கள் திரையின் மேலே ஓடும் சர்வர் கடிகாரம், போட்டதற்கு அடையாளம் ஃப்ரீஸுக்குப் பின் வரும் சுருக்கப் பக்கம். கைக்கடிகாரமும் கணினியின் மூலையில் ஓடும் மணியும் கணக்கில் வராது.

ஆகவே 2:59-க்கு என்ன நடந்தது என்பதைத்தான் தோண்ட வேண்டும். மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, உங்கள் ஃப்ரீஸ் கோரிக்கை 3:00-க்கு முன்பே சர்வருக்குப் போய் ஏற்கப்பட்டு, பதில் பக்கம் மட்டும் உங்களுக்குத் திரும்பாமல் போனது. அப்படியானால் மறுபடி உள்ளே நுழைந்து உங்கள் பிட்களின் பட்டியலைப் பார்த்தால் பிட் நம்பர் இருக்கும், திறக்கும் பட்டியலிலும் பெயர் வந்திருக்கும். உங்கள் விஷயத்தில் பெயர் இல்லை, எனவே இது கிடையாது. இரண்டாவது, கோரிக்கை உங்கள் பக்கத்திலேயே நின்றுவிட்டது: இணையம் அறுந்திருக்கலாம், செஷன் காலாவதி ஆகியிருக்கலாம், டி.எஸ்.சி. உள்ள யு.எஸ்.பி. டோக்கனின் டிரைவர் தொங்கியிருக்கலாம். மூன்றாவது, கோரிக்கை சர்வரை அடைந்தும் சர்வர் அதை முடிக்கவில்லை. மூன்றாவதை நிரூபித்தால்தான் வழக்கில் உயிர் இருக்கும். அதை நிரூபிக்கும் ஆவணம் என்.ஐ.சி.யிடம் உள்ள செயல்பாட்டுப் பதிவுதான். உங்கள் திரையில் சக்கரம் சுற்றிய படம் இரண்டாவதுக்கும் பொருந்தும், மூன்றாவதுக்கும் பொருந்தும்.

கடைசி அரை மணி நேரத்தில் எவையெல்லாம் காலை வாருகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிகம் தகராறு செய்வது பி.ஓ.க்யூ. கோப்பு. தளம் தரும் எக்செலின் பெயரை மாற்றினாலோ, மேக்ரோவை அனுமதிக்காமல் நிரப்பினாலோ, வேறொரு ஆஃபிஸ் மென்பொருளில் திறந்து சேமித்தாலோ, ஏற்றும்போது சரிபார்ப்பில் தள்ளிவிடும். பூட்டிய கட்டங்களைத் திறக்க முயன்றாலும் அதே கதைதான். 2:50-க்கு ‘செல்லாத கோப்பு’ என்று வந்தால், மறுபடி பதிவிறக்கி, எல்லா விலையையும் முதலிலிருந்து அடித்து, மறுபடி ஏற்ற வேண்டும். அது பத்து நிமிட வேலை இல்லை.

அடுத்தது கோப்பின் எடை. வண்ணத்தில் 300 டி.பி.ஐ. வைத்து ஸ்கேன் செய்து 60 எம்.பி. ஆக்கிவிடுகிறார்கள். அப்லோடு வேகம் 2 எம்.பி.பி.எஸ். என்றால், 60-ஐ 8-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்துப் பாருங்கள்: 240 விநாடி. வேறு யாரும் அந்த இணைப்பைத் தொடாமல் இருந்தாலே 4 நிமிடம். தளம் சொல்வது 100 டி.பி.ஐ., கறுப்பு வெள்ளை. பான், தணிக்கை அறிக்கை, சான்றிதழ் போல எல்லா டெண்டருக்கும் போகும் தாள்களை ‘மை ஸ்பேஸ்’ பகுதியில் முன்கூட்டியே ஏற்றி வைத்தால் அன்றைக்குத் தேர்வுசெய்தால் போதும். இவ்வளவு வசதி இருந்தும் பலர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஏற்றுகிறார்கள்.

மூன்றாவது டி.எஸ்.சி. புதுப்பித்த டோக்கனை அதே யூசர் ஐடியில் பதிவுசெய்யாமல் கடைசி நாளில் செருகினால் உள்ளேயே விடாது. நான்காவது பணம். நெட் பேங்கிங்கில் உடனே தெரிந்துவிடும். சலான் எடுத்து நெஃப்ட் அல்லது ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பினால், வங்கி 24 மணி நேரமும் அனுப்பினாலும் தளத்தில் அது பொருந்திப் பச்சை காட்ட நேரம் பிடிக்கும். சலானில் உள்ள கணக்கு எண்ணுக்கு, அதில் உள்ள அதே தொகையைத்தான் அனுப்ப வேண்டும். ஒரு ரூபாய் கூடினாலும் குறைந்தாலும் பொருந்தாது.

இனிமேல் செய்ய வேண்டியது: முந்தைய நாளே முழு பிட்டையும் ஒரு விலையோடு ஃப்ரீஸ் செய்துவிடுங்கள். கடைசி நேரம் வரை மறுசமர்ப்பிப்பு அனுமதி உண்டு. விலையை மாற்ற பி.ஓ.க்யூ.வை மட்டும் மாற்றி மறுபடி ஃப்ரீஸ் செய்து புதிய ஒப்புகையை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘வித்டிரா’ பொத்தானைத் தொடாதீர்கள். திரும்பப் பெற்றால் அந்த டெண்டரில் மறுபடி நுழைய முடியாது. திருத்துவதும் திரும்பப் பெறுவதும் ஒன்று என்று நினைத்து வாய்ப்பை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

ரிட்பேனா

2:59-க்கு நடந்திருக்கக்கூடியவை என்று சர்வர்மணி சொன்ன மூன்று நிலைகளை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். வழக்கு அங்கேதான் நிற்கும், அல்லது விழும்.

‘2:57-க்கே சர்வருக்குள் போய்விட்டது’ என்ற வாதம் காதுக்கு நன்றாக இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 13-வது பிரிவும் அதற்கு ஏற்றதுபோலத் தோன்றும்: பெறுபவர் ஒரு கணினி அமைப்பைக் குறிப்பிட்டிருந்தால், மின்னணுப் பதிவு அதற்குள் நுழையும் நேரமே பெற்ற நேரம். ஆனால் அந்தப் பிரிவு தொடங்குவதே, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர என்றுதான். ஃப்ரீஸ் ஆனால்தான் சமர்ப்பிப்பு என்று தளமும் டெண்டர் ஆவணமும் சொல்கின்றன. அந்த நிபந்தனையை ஏற்றுத்தான் உள்ளே நுழைகிறோம். 12-வது பிரிவும் எதிராகவே போகும். ஒப்புகை கிடைத்தால்தான் கட்டுப்படுத்தும் என்று ஏற்பாடு இருந்தால், ஒப்புகை வராத பதிவு அனுப்பப்படாததாகவே கருதப்படும். இந்த வாதத்தை மட்டும் நம்பி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடாதீர்கள்.

இதே ஃப்ரீஸ் பொத்தான் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மும்பை பி.டி.டி. சால் மறுகட்டுமானத்துக்கு மகாராஷ்டிர வீட்டுவசதி ஆணையம் விட்ட டெண்டரில், ஷாபூர்ஜி பல்லோன்ஜி நிறுவனத்தின் பிட் சமர்ப்பிப்பு முடிவடையாமல் நின்றது. அதையும் பரிசீலிக்கச் சொன்னது பம்பாய் உயர் நீதிமன்றம். தளத்தில் கோளாறு இல்லை, ஃப்ரீஸ் செய்யப்படவில்லை என்பது என்.ஐ.சி.யின் நிலை. 2018-ல் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்தது. அரசு வழக்கறிஞர் முதல் நாளே நீட்டப்போவது இந்தத் தீர்ப்பைத்தான். உங்கள் உண்மைகள் அதிலிருந்து எங்கே வேறுபடுகின்றன என்று ஒரே பத்தியில் எழுத முடிந்தால் மேலே போங்கள். எழுத முடியாவிட்டால் செலவை மிச்சப்படுத்துங்கள்.

சட்ட நிலை சுருக்கமாக. மத்திய அரசு டெண்டர் என்றால் பொது நிதி விதிகள் 2017-ன் 164-வது விதி: விளம்பர டெண்டரிலும் வரையறுக்கப்பட்ட டெண்டரிலும் நேரம் கடந்து வந்தது பரிசீலிக்கப்படாது. விதிவிலக்கு எழுதப்படவில்லை. உங்களுடையது மாநில டெண்டர். இதற்கு 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டமும் 2000-ம் ஆண்டு விதிகளும். டெண்டர் ஏற்கும் அதிகாரி 10-வது பிரிவின் கீழ் போடும் உத்தரவை எதிர்த்து, அது கிடைத்த 10 நாளுக்குள் 11-வது பிரிவின் கீழ் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆனால் பிட் ஃப்ரீஸ் ஆகாதவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் ‘டெண்டர்தாரரா’ என்ற கேள்வி உடனே எழும். எதிர்க்க ஓர் உத்தரவும் கையில் இல்லை. ஆகவே மேல்முறையீட்டை நம்பி உட்காராமல், டெண்டர் கோரிய அதிகாரிக்கு எழுத்தில் முறையீடு, என்.ஐ.சி. அறிக்கை கேட்டு ஒரு கடிதம், அவர்கள் அசையாவிட்டால் அரசியலமைப்பின் 226-வது உறுப்பின் கீழ் ரிட் என்ற வரிசையே நடைமுறைக்கு ஒத்தது.

நேரம்தான் இங்கே எல்லாம். விலைக் கவர் திறக்கும் முன் நீதிமன்றம் போனால் ‘திறப்பதை நிறுத்தி வையுங்கள்’ என்று கேட்க முடியும். எல்-1 (மிகக் குறைந்த விலை சொன்னவர்) யார் என்று ஊருக்கே தெரிந்த பிறகு போனால், அவருடைய விலையைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறீர்கள் என்ற சந்தேகம் உங்கள் மேல் விழும். எல்-1-ஐயும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். வேலை உத்தரவு கொடுத்துவிட்டால் இன்னும் கடினம். அதோடு, இது சாலை என்னும் உள்கட்டமைப்புப் பணி. 2018 திருத்தத்தில் தனித்தீர்வுச் சட்டத்துக்குள் வந்த 20ஏ, 41(எச்.ஏ.) பிரிவுகள் உள்கட்டமைப்புத் திட்டத்தைத் தாமதப்படுத்தும் தடையாணைக்கு எதிரானவை. ரிட் நீதிமன்றங்களும் அந்த நோக்கத்தை மனத்தில் கொள்ள வேண்டும் என்று என்.ஜி. ப்ராஜெக்ட்ஸ் வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

டெண்டர் வழக்கில் நீதிமன்றம் பார்ப்பது முடிவு சரியா என்பதை அல்ல, முடிவெடுத்த முறையை. டாடா செல்லுலார் (1994) தொடங்கி ஜகதீஷ் மண்டல் (2007) வரை அதே கோடுதான்: கெட்ட நோக்கம் அல்லது யாருக்கோ சாதகம் செய்யும் எண்ணம் உண்டா, எந்தப் பொறுப்புள்ள அதிகாரியும் எடுக்க முடியாத முடிவா, பொதுநலன் பாதிக்கப்படுகிறதா. ‘மின்சாரம் போய்விட்டது’, ‘நெட் ஸ்லோ’, ‘டோக்கன் வேலை செய்யவில்லை’ எதுவும் இந்தக் கோட்டுக்குள் வராது. உள்ளே வரக்கூடியவை வேறு. தளமே அந்த நேரத்தில் முடங்கியது என்று என்.ஐ.சி. ஒப்புக்கொண்டிருந்தால் வரும். முடியும் தறுவாயில் பி.ஓ.க்யூ.வை மாற்றும் திருத்த அறிவிப்பு வெளியிட்டு, நேரத்தை நீட்டிக்காமல் விட்டிருந்தால் வரும். குறைந்தபட்ச அவகாசம் தரப்படாமல் இருந்தாலும் வரும்: 2000-ம் ஆண்டு விதிகளின்படி 2 கோடி வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள், குறைக்க வேண்டுமானால் டெண்டர் கோரும் அதிகாரிக்கு மேலுள்ள அதிகாரி காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும். உங்களுடையது 2 கோடிக்கு மேல் என்கிறீர்கள். முதலில் அந்த 30 நாளை எண்ணிப் பாருங்கள். ஃப்ரீஸைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கும்போது பல சமயம் உண்மையான ஓட்டை இங்கே இருக்கும்.

வாய்க்கால்மேடு

இருவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன், 30 நாள் சரியாகவே இருக்கிறது. இரண்டு விவரம் விட்டுப்போயிற்று.

ஒன்று, 2:52-க்கே தளத்தின் உதவி மையத்துக்கு ‘பக்கம் திறக்கவில்லை’ என்று புகார் பதிவாகி டிக்கெட் எண் மின்னஞ்சலில் வந்திருக்கிறது. இரண்டு, பட்டியலில் உள்ள மற்றொருவர் இ.எம்.டி.யை வங்கி உத்தரவாதமாகக் கொடுத்திருக்கிறார். ஸ்கேன் நேரத்துக்குள் ஏறிவிட்டது, ஆனால் அசல் மறுநாள்தான் அலுவலகத்துக்கு வந்தது. அவரை ஏற்றுக்கொண்டார்கள். இது சமமான நடத்தையா? அமெரிக்காவில் ‘அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது’ என்று சொல்லித் தாமத பிட்டைக் காப்பாற்றுகிறார்கள் என்று படித்தேன், அது இங்கே செல்லுமா?

இன்வர்டு நம்பர்

அசல் தாள் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

டெண்டர் ஆவணத்தை எடுத்து அந்த ஒரு வரியைப் படியுங்கள். ‘அசல் உத்தரவாதம் டெண்டர் முடியும் நேரத்துக்குள் வந்து சேர வேண்டும், தவறினால் நிராகரிக்கப்படும்’ என்று இருந்தால் ஒரு முடிவு. ‘ஸ்கேன் ஏற்ற வேண்டும், அசல் தொழில்நுட்ப கவர் திறக்கும் முன் தர வேண்டும்’ என்று இருந்தால் வேறு முடிவு. ‘கேட்கும்போது காட்ட வேண்டும்’ என்றிருந்தால் உங்களுக்கு வாதமே இல்லை. போத்தார் ஸ்டீல் வழக்கில் (1991) உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது இதைத்தான்: தகுதியைத் தீர்மானிக்கும் முக்கிய நிபந்தனை வேறு, அதை நிறைவேற்றுவதற்குத் துணையான நிபந்தனை வேறு. இரண்டாவதில் அதிகாரி கொஞ்சம் தளர்த்தலாம். அங்கே பிரச்சினை இ.எம்.டி. எந்த வடிவில் இருந்தது என்பது.

தேதியை நிறுவ, தபால் பெறும் பிரிவின் வரவுப் பதிவேட்டில் உள்ள எண்ணும் முத்திரையும் வேண்டும். உறையின் மேல் உள்ள முத்திரையும் முக்கியம். கடிதத்தை மட்டும் கோப்பில் போட்டு உறையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். விரைவுத் தபாலில் முதல் நாளே அனுப்பினேன் என்பது உதவாது. ‘வந்து சேர வேண்டும்’ என்றிருந்தால் சேர்ந்த நேரம்தான் கணக்கு.

இன்னொன்று. கடைசி நாள் திடீரென்று விடுமுறை ஆனால் தானாக மறுநாளுக்குப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த வரி பெரும்பாலும் பெட்டியில் போடுவதற்கும் கவர் திறப்பதற்கும் எழுதியது. தளத்தின் கடிகாரத்துக்கு விடுமுறை தெரியாது. திருத்த அறிவிப்பு ஏறியிருந்தால் மட்டுமே தேதி நகரும்.

ரிட்பேனா

அமெரிக்க விதியை இங்கே கொண்டுவராதீர்கள். அங்கேயே அது குறுகிய வழி. அவர்களது கூட்டாட்சிக் கொள்முதல் விதியில் அது எழுதப்பட்ட விதிவிலக்கு. மின்னணு வழியில் அனுப்பியது முந்தைய வேலை நாள் மாலை 5 மணிக்குள் அரசு வலையமைப்பின் முதல் நுழைவாயிலை அடைந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. அரசு வளாகத்துக்குள் வந்து அரசின் கட்டுப்பாட்டில் இருந்ததற்குச் சான்று வேண்டும் என்பது மற்றொன்று. மின்னஞ்சலுக்கு இரண்டாவது விலக்கு பொருந்துமா என்பதில் அங்குள்ள தணிக்கை அலுவலகமும் கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றமும் வேறு வேறு பக்கம் நின்றிருக்கின்றன. நம் விதியில் அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. இல்லாத விலக்கை அயல்நாட்டுத் தீர்ப்பால் கட்ட முடியாது.

2:52 டிக்கெட் பற்றி. இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்! இதுவரை வந்த விவரங்களில் வலுவானது இதுதான். நேரம் முடியும் முன்பே, தோற்பதற்கு முன்பே, மூன்றாவது நபரின் கணினியில் பதிவான புகார் அது. முடிந்த பிறகு அனுப்பும் பத்து மின்னஞ்சலுக்கு இந்த ஒன்று சமம். ஆனால் 2:57-க்கு பி.ஓ.க்யூ. ஏறியிருக்கிறதே, ‘பக்கம் திறக்கவில்லை’ என்றால் எப்படி ஏறியது என்று கேட்பார்கள். விட்டுவிட்டு வேலை செய்ததா, அதே நேரத்தில் மற்ற பிட்டர்களும் புகார் செய்தார்களா என்பதை என்.ஐ.சி. பதில் காட்ட வேண்டும்.

ஸ்க்ரீன்ஷாட்டைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுச் சான்றிதழ் தேவை. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி இருந்த இடத்தில் 2024 ஜூலை 1 முதல் இதுதான். ‘ஏ’ பகுதியைத் தாக்கல் செய்பவரும் ‘பி’ பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறினால் மாறிவிடும் அடையாளக் குறியீடு) குறிக்க வேண்டும். எனவே மூலக் கோப்பை அப்படியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கிவிடும், ஹாஷ் மாறிவிடும்.

மூன்றாவது மேசை

அலுவலகப் பக்கம் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பது தெரிந்தால் முறையீட்டைச் சரியாக எழுதலாம்.

முடியும் நேரத்துக்கு முன் புகார் வந்தால், டெண்டர் கோரிய அதிகாரி திருத்த அறிவிப்பு போட்டு எல்லோருக்கும் நேரத்தை நீட்டிக்கலாம். 3:00 ஆனபின் அந்தக் கதவு தளத்திலேயே மூடிவிடும். பிறகு ‘ஐந்து நிமிடம் திறந்துவிடுங்கள்’ என்று கெஞ்சுவது வீண். அவரிடம் அந்தப் பொத்தான் இல்லை. ஆகவே உதவி மையத்துக்குப் புகார் அனுப்பும் அதே நிமிடத்தில் அதிகாரியின் அலுவலக மின்னஞ்சலுக்கும் அனுப்ப வேண்டும். பலர் உதவி மையத்தோடு நின்றுவிடுகிறார்கள். கோப்பில் அதிகாரிக்கு எதுவும் வந்து சேரவில்லை என்றால், அவர் நீட்டிக்க மறுத்தார் என்று சொல்ல முடியாது.

முடிந்த பிறகு அவரிடம் மிச்சமிருப்பவை இவ்வளவுதான்: என்.ஐ.சி.யிடம் அறிக்கை கேட்பது, அது வரும்வரை அடுத்த கவர் திறக்கும் தேதியைத் தள்ளிவைப்பது, தளம் முடங்கியது உறுதியானால் டெண்டரை ரத்து செய்து மறுடெண்டர் விடுவது. நான்காவதாக ஒன்றும் இல்லை. எனவே ‘எங்கள் டெண்டரையும் ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று எழுதினால் அவர் ஒரே வரியில் மறுத்துவிடுவார். ‘அறிக்கை பெறும்வரை விலைக் கவரைத் திறக்க வேண்டாம்’ என்று எழுதினால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். மறுத்தால் மறுப்புக்குக் காரணம் எழுத வேண்டும். இதுவரை இல்லாத உத்தரவுத் தாள் அப்போதுதான் பிறக்கும்.

ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். விலையை மின்னஞ்சலிலோ பென் டிரைவிலோ மூடிய உறையிலோ அலுவலகத்தில் கொடுக்காதீர்கள். ‘நல்லெண்ணத்தைக் காட்ட’ என்று கொடுத்துவிடுகிறார்கள். பூட்டிய பி.ஓ.க்யூ.வைத் திறக்க குறிப்பிட்ட அதிகாரிகளின் டி.எஸ்.சி. வேண்டும், உறையைத் திறக்க ஒரு விரல் போதும். மற்றவர்களின் விலை திறப்பதற்குள் உங்கள் விலை ஒரு மேசையில் கிடந்தது என்றால், நாளை நீதிமன்றம் உங்களைச் சேர்க்கச் சொன்னாலும் மற்ற பிட்டர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள். விலை தெரிந்துவிட்டது என்ற குற்றச்சாட்டுக்கு அதிகாரியும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மற்றொருவரின் அசல் உத்தரவாதத்தைப் பற்றி இன்வர்டு நம்பர் சொன்னதோடு ஒரு சொல். அவர் தகுதி இழந்தால் நீங்கள் உள்ளே வந்துவிட மாட்டீர்கள். அது தனி முறையீடு. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால், ‘தான் போட முடியாததால் போட்டவர்களைத் தள்ளப் பார்க்கிறார்’ என்று படிக்கப்படும்.

சர்வர்மணி

இ.எம்.டி. கேள்வி அப்படியே நிற்கிறது. பணம் கட்டியது டெண்டர் போட்டதற்கு அத்தாட்சி இல்லை. அதே காரணத்தால் அதைப் பறிமுதல் செய்யவும் வழியில்லை, பிட்டே இல்லையே. எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்குத்தான் திரும்பும். அந்தக் கணக்கை மூடிவிடாதீர்கள். வரத் தாமதமானால் வங்கியின் பரிவர்த்தனை எண், டெண்டர் ஐடி, தொகை மூன்றையும் குறிப்பிட்டு உதவி மையத்துக்கும் வங்கிக்கும் சேர்த்து எழுதுங்கள். டெண்டர் படிவக் கட்டணம் தனியாகக் கட்டியிருந்தால் அது பொதுவாகத் திரும்பாத வகை.

பதிவைக் கேட்டு எழுதும் கடிதத்தில் ‘தளம் வேலை செய்ததா’ என்று கேட்காதீர்கள். ‘வேலை செய்தது’ என்று இரண்டு சொல்லில் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: இன்ன டெண்டர் ஐடியில், இன்ன யூசர் ஐடியின் கீழ், இன்ன தேதி பிற்பகல் 2:30 முதல் 3:15 வரை சர்வரில் பதிவான ஒவ்வொரு செயலும் நொடிக் கணக்கோடு; அதில் ஃப்ரீஸ் கோரிக்கை வந்த நேரமும் அதற்கு சர்வர் கொடுத்த பதிலும்; அதே 45 நிமிடத்தில் இந்தத் தளத்தில் வெற்றிகரமாக ஃப்ரீஸ் ஆன மொத்த பிட்களின் எண்ணிக்கை; அதே நேரத்தில் உதவி மையத்துக்கு வந்த புகார்களின் எண்ணிக்கை; உங்கள் டிக்கெட் எண்ணை முடித்துவைத்த குறிப்பின் நகல். மற்றவர்களின் ஃப்ரீஸ் வழக்கம்போல நடந்திருந்தால் கோளாறு உங்கள் பக்கம் என்று அந்த எண்ணே சொல்லிவிடும். வழக்குச் செலவுக்கு முன் அது தெரிவது நல்லது.

இதையே தகவல் உரிமைச் சட்டத்திலும் 10 ரூபாய் கட்டி அனுப்பி வையுங்கள். ஆனால் அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு; விலைக் கவர் அதுவரை காத்திருக்காது. எனவே நேரடிக் கடிதம் இன்றைக்கே போகட்டும், அதிகாரிக்கு ஒன்று, என்.ஐ.சி.க்கு ஒன்று, இரண்டிலும் டிக்கெட் எண்ணை முதல் வரியில் போட்டு.